பூசணத்தைத் துடைக்கும் முன் தண்ணீரைத் தேடுங்கள்

கேள்வி: தாமிரபரணிக் கரையில், ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. மாமனாரின் தாத்தா கட்டியது, தொண்ணூறு வருஷம் இருக்கும். செங்கல் சுவர், சுண்ணாம்புக் காரை, தேக்கு உத்திரம், மேலே தட்டையான தட்டட்டிக் கூரை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் பட்டாசல் கூடத்தில் இடுப்பளவுத் தண்ணீர் மூன்று நாள் நின்றது. வடிந்த பிறகு, உதிர்ந்த காரையைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசினோம். அதன்மேல் புட்டி வைத்து, கழுவக்கூடிய பெயின்ட் அடித்தோம். தரைக்கு டைல்ஸ் போட்டோம். சாரலுக்கும் கொசுவுக்கும் பயந்து முற்றத்தை ஃபைபர் ஷீட்டால் மூடினோம். அடுத்த மழையிலேயே பெயின்ட் பொரிந்து வந்தது. இப்போது மேல் மூலைகளிலும் பீரோவுக்குப் பின்னாலும் கறுப்பாகப் பூசணம். ஆறு வயது மகளுக்கு மூன்று மாதமாக இருமல், ராத்திரியானால் வீசிங். மாமனாருக்கு ஆஸ்துமா, மாமியாருக்குச் சர்க்கரை. 2021-ல் எல்லாரும் பயந்த கருப்புப் பூஞ்சை இதுதானா? பெயின்டர் பூசண மருந்து கலந்த பெயின்ட் அடிக்கச் சொல்கிறார். கொழுந்தனார் இடித்துவிட்டு கான்கிரீட் வீடு கட்டச் சொல்கிறார். தாத்தாவின் கணக்கு நோட்டுகள் இருக்கும் டிரங்குப் பெட்டியிலும் பூசணம் வந்துவிட்டது. அதை எப்படிக் காப்பாற்றுவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சுவர் காத்திருக்கும், மகள் காத்திருக்கக் கூடாது. மூன்று மாத இருமலும் ராத்திரி வீசிங்கும் இருக்கிற குழந்தையை இந்த வாரமே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வீட்டுச் சுவரில் பூசணம் இருப்பதை அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். ஆச்சி வீட்டில் நாலு நாள் தங்கினால் இருமல் குறைகிறதா, திரும்பி வந்ததும் கூடுகிறதா என்பதையும் குறித்துக்கொண்டு போங்கள். அந்த ஒரு தகவல் மருத்துவருக்குப் பெரிய உதவி. உங்கள் மாமனாரும் தன் மருத்துவரிடம் இதைச் சொல்ல வேண்டும். ஆஸ்துமா உள்ள சிலருக்கு ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையால் நுரையீரலில் கடுமையான ஒவ்வாமை வரும். அதைக் கண்டுபிடிக்கப் பரிசோதனை உண்டு, மருந்தும் உண்டு. இன்று ராத்திரியிலிருந்தே இருவர் படுக்கையையும் பூசணம் இல்லாத, காற்றோட்டமுள்ள இடத்துக்கு மாற்றிவிடுங்கள். தார்சாவோ மச்சோ, எது காய்ந்திருக்கிறதோ அது.

நான் மருத்துவன் இல்லை, பழைய வீடுகளைப் பழுது பார்க்கும் பொறியாளன். ஆனால் ஈரமான வீட்டுக்கும் இருமல், இழுப்பு, ஆஸ்துமாவுக்கும் தொடர்பு இருப்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட விஷயம். உலக சுகாதார நிறுவனம் 2009-ல் இதற்கென்றே ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டது. 2020 டிசம்பரில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இறந்துபோனது. வீட்டில் நெடுநாள் இருந்த பூசணத்தால் வந்த சுவாசக் கோளாறே காரணம் என்று 2022-ல் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். பெற்றோர் புகார் சொன்னபோதெல்லாம் "பெயின்ட் அடித்துக்கொள்ளுங்கள்" என்பதே அவர்களுக்குக் கிடைத்த ஆலோசனை. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. உங்கள் பெயின்டர் சொல்வதும் அதே ஆலோசனைதான் என்பதால் சொல்கிறேன்.

2021-ல் பார்த்த கருப்புப் பூஞ்சை இது இல்லை. அது மியூகோர் என்ற வேறு வகைப் பூஞ்சைக் குடும்பத்தால் வந்த நோய். கொரோனாவின்போது ஸ்டீராய்டு எடுத்தவர்களையும், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களையும்தான் பெரும்பாலும் தாக்கியது. அழுகிய சதை கறுத்துப்போவதால் அந்தப் பெயர் வந்தது. சுவரில் கறுப்பாகப் படர்வது வேறு. அதன் நிறத்தை வைத்து ஆபத்தைக் கணக்கிட முடியாது. பச்சையாக இருப்பது சாது, கறுப்பு விஷம் என்றெல்லாம் இல்லை. ஆனாலும் உங்கள் மாமியார் பூசணம் சுரண்டும் வேலைக்குப் பக்கத்தில்கூட வர வேண்டாம். சர்க்கரை அதிகமுள்ளவர்களுக்கு எந்தப் பூஞ்சையானாலும் எச்சரிக்கை தேவை. காற்றைப் பரிசோதித்துத் தருகிறோம் என்று யாராவது வந்தால் அந்தப் பணத்தையும் மிச்சப்படுத்துங்கள். இத்தனை வித்துக்கு மேல் இருந்தால் ஆபத்து என்று ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு எதுவும் கிடையாது. கண்ணுக்குத் தெரிகிறது, மக்கல் வாடை அடிக்கிறது. அதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

இனி வீட்டுக்கு வருவோம். பூஞ்சையின் வித்து எல்லாக் காற்றிலும் இருக்கிறது. அதை ஒழிக்க முடியாது. அது முளைக்கத் தேவை ஈரம் மட்டும்தான். நனைந்த பொருள் இரண்டு நாளுக்குள் காயாவிட்டால் பூசணம் பூக்கத் தொடங்கும். உங்கள் சுவர் மூன்று நாள் தண்ணீரில் நின்றது, பிறகு காயவே விடப்படவில்லை.

பழைய சுவரின் கணக்கு வேறு. அந்தக் காலத்தில் அஸ்திவாரத்துக்கு மேல் ஈரம் ஏறாமல் தடுக்கும் அடுக்கு போடுவது கிடையாது. ஆற்றுக்கரை ஊர், வடகால், தென்கால் வாய்க்கால்கள் நெல்லுக்கும் வாழைக்கும் தண்ணீர் கொண்டுபோகும் மண். தரைக்குக் கொஞ்சம் கீழேயே நீர் நிற்கும். அது செங்கல்லின் நுண்துளைகள் வழியாக மூன்று நாலு அடி வரை ஏறும். இதைத்தான் ஓதம் என்கிறோம். ஏறிய ஓதம் சுண்ணாம்புக் காரை வழியாக வெளியேறி, காற்றில் காய்ந்துவிடும். சுவர் தினமும் கொஞ்சம் குடித்தது, தினமும் கொஞ்சம் வியர்த்தது. தொண்ணூறு வருஷம் அப்படியே நின்றது. சுண்ணாம்பின் காரத்தன்மையும் பூசணத்துக்கு ஆகாது. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து, மார்கழிக் கடைசியில் பொங்கலுக்கு முன்னால் நம் வீடுகளில் வெள்ளையடித்தார்களே, அது அழகுக்காக மட்டும் நடந்ததில்லை. மழையில் ஊறிய சுவருக்கு வருஷா வருஷம் புதுக் காரம் ஏற்றிய வேலை அது.

நீங்கள் சிமெண்ட் பூசியதும் அந்த வியர்வை அடைபட்டது. அதன்மேல் புட்டி, அதன்மேல் பிளாஸ்டிக் தோல் மாதிரியான பெயின்ட். வெளியேற வழியில்லாத தண்ணீர் இன்னும் மேலே ஏறும். அல்லது பெயின்டைத் தள்ளிக்கொண்டு வரும். தரையில் டைல்ஸ் போட்டதால், தரை வழியாக ஆவியான ஈரமும் சுவருக்கே போயிற்று. இதை உங்கள் தப்பென்று சொல்லவில்லை, நானே இதைச் செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் அம்பாசமுத்திரத்தில் என் அத்தை வீட்டு அடுக்களையில் காரையைக் கொத்திவிட்டுக் கெட்டியாகச் சிமெண்ட் பூசினேன். மூன்றாவது மழைக்குள் இடுப்புயரத்தில் இருந்த ஓதம் தோளுயரம் வந்தது. அதற்குப் பிறகுதான் சுண்ணாம்பை முறையாகக் கற்றுக்கொண்டேன்.

ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தால், உங்கள் வீட்டில் தண்ணீர் ஒரே வழியாக வரவில்லை என்று தோன்றுகிறது. பீரோவுக்குப் பின்னாலும் மேல் மூலையிலும் இருப்பது தரையிலிருந்து ஏறியதாக இருக்காது. அதனால் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். ஒரு முழம் சதுரத்துக்குத் தெளிவான பிளாஸ்டிக் தாளை எடுத்து, நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கு உட்புறம் நீர் முத்து கட்டியிருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. அறையைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால், அறைக் காற்றில் உள்ள ஈரம் சுவரில் படிகிறது. முழங்கால் உயரத்தில் ஒன்று, தலை உயரத்தில் ஒன்று, பீரோ இருந்த இடத்தில் ஒன்று என்று மூன்று ஒட்டிப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருப்பது பூசணமா உப்பா என்ற சந்தேகம் வந்தால், கொஞ்சம் சுரண்டித் தண்ணீரில் போடுங்கள். உப்பு கரைந்துவிடும். மழை பெய்த மறுநாள் மட்டும் பெரிதாகும் கறை, மேலிருந்து கீழே வழிந்த கறை என்றால் தட்டட்டியைப் பாருங்கள். பெரும்பாலும் தூம்பு அடைத்திருக்கும், அல்லது கைப்பிடிச் சுவர் ஓரத்தில் விரிசல் விட்டிருக்கும்.

காற்றில் இத்தனை ஈரம் எப்படி வந்தது என்றால், முற்றத்தை மூடியதுதான் முதல் காரணம். இந்த வீடுகளுக்குத் தெருப்பக்க ஜன்னல் சிறிசு. வீட்டின் மூச்செல்லாம் முற்றம் வழியாகத்தான். சூடான காற்று அதன் வழியே மேலே போகும், வாசல் வழியாகப் புதுக் காற்று உள்ளே வரும். அதை அடைத்த பிறகு சோறு வடிக்கிற ஆவி, அங்கணத்துத் தண்ணீர், மழைநாளில் பட்டாசலில் கொடி கட்டிக் காயப்போட்ட துணி எல்லாம் உள்ளேயே சுற்றுகின்றன. பலருக்கும் தெரியாத ஒரு கணக்கு சொல்கிறேன். கேஸ் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது சுமார் 22 லிட்டர் தண்ணீர் ஆவியாக வீட்டுக்குள் கலந்திருக்கும். அடுக்களையில் வெளியே தள்ளும் விசிறி இல்லாவிட்டால் அது சுவரைத்தான் தேடிப் போகும்.

ஏசி பற்றி எழுதவில்லை. இருந்தால் இதையும் கவனியுங்கள். 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று, 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பில் பட்டாலும் வியர்த்துவிடும். 18-ல் வைத்துக் குளிரவிட்ட அறையை மழைக்காலத்தில் திறந்து போட்டால் சுவரும் பீரோவின் முதுகும் நனையும். 26-ல் வையுங்கள், கதவைச் சாத்தி வையுங்கள். அதிலிருந்து சொட்டும் தண்ணீர் சுவரடியில் விழாமல் குழாய் வைத்துத் தள்ளிவிடுங்கள்.

வேலையை எங்கே தொடங்குவது? முற்றத்தில். ஷீட்டைக் கழற்றி எறிய வேண்டியதில்லை, சாரல் கஷ்டம் எனக்கும் தெரியும். இரும்புச் சட்டம் கொடுத்து அதை ஒன்றரை அடி உயர்த்துங்கள். நாலு பக்கமும் ஷீட் வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். இடைவெளிக்குக் கம்பிவலையும் கொசுவலையும் அடித்துவிடுங்கள். ஒரு வெல்டர் இரண்டு நாளில் முடிப்பார். நான் சொல்லப்போகும் எல்லாவற்றிலும் குறைந்த செலவில் அதிகப் பலன் தருவது இதுதான். கையோடு பீரோக்களைச் சுவரிலிருந்து நாலு விரற்கடை முன்னால் இழுத்துவிடுங்கள். சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் கிடைக்கும், ஒன்று வாங்கி மகள் படுக்கும் அறையில் வையுங்கள். 60 சதவீதத்துக்குக் கீழே இருப்பது நல்லது என்பார்கள். கார்த்திகை மாதத் தாமிரபரணிக் கரையில் அது திறந்த வீட்டில் நடக்காது. ஆனால் நாள் கணக்கில் 80-க்கு மேலேயே நின்றால் பூசணம் உறுதி. ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதத்துக்கு மட்டும் படுக்கையறைக்கு, காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டீஹியூமிடிஃபையர் ஒன்று வைக்க முடிந்தால் குழந்தைக்கு நல்லது. அதை ஓட்டும்போது ஜன்னலைச் சாத்தியிருக்க வேண்டும்.

அடுத்தது வீட்டைச் சுற்றி. புறவாசலில் சிமெண்ட் தளம் சுவரை ஒட்டிப் போட்டிருந்தால் ஒன்றரை அடி அகலத்துக்கு வெட்டி எடுத்து ஜல்லி கொட்டுங்கள். தெரு மட்டம் வீட்டுத் தரையைவிட உயர்ந்திருக்கிறதா பாருங்கள். தாருக்கு மேல் தார் போட்டுப் போட்டு, படியேறிப் போன வீடுகள் படியிறங்கிப் போகும் வீடுகளாகிவிட்டன. பழைய தாரைச் சுரண்டிவிட்டுப் போடச் சொல்லித் தெருவார் எல்லாரும் சேர்ந்து மனுக் கொடுங்கள். ஒருவர் கையெழுத்துக்கு இல்லாத பலம் இருபது கையெழுத்துக்கு உண்டு.

சுவர் வேலையைத் தை பிறந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கறைக்கு ஒரு அடி மேல் வரை சிமெண்ட் பூச்சை முழுக்கக் கொத்தி எடுக்க வேண்டும். இடுக்குகளில் உதிரும் காரையையும் சுரண்டிவிட்டு, அப்படியே வெறும் செங்கல்லாக விட்டுவிடுங்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், விருந்தாளி கேட்பார்கள். விட்டுவிடுங்கள். கெட்டிச் சுவர் ஒரு அங்குலம் காய ஒரு மாதம் என்பது எங்கள் தொழிலில் குத்துமதிப்பான கணக்கு. ஒன்றரை அடிச் சுவர் இரண்டு பக்கமும் திறந்திருந்தால் ஒன்பது மாதம். அத்தனை பொறுமை வேண்டாம், மாசி பங்குனி வெயிலும் சித்திரைக் காற்றும் பட்டால் வைகாசியில் பூசலாம். வாரம் ஒருமுறை உலர்ந்த துடைப்பத்தால் உப்பைத் தட்டி வெளியே அள்ளிப் போடுங்கள், தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். பிறகு, நன்றாக நீற்றி மாதக்கணக்கில் ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய மணல் மூன்று பங்கு. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரில் குழைத்துப் பூசும் கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். கிடைத்தால் விடாதீர்கள். "சீக்கிரம் பிடிக்கட்டும்" என்று இரண்டு சட்டி சிமெண்ட் கலக்க ஆசைப்படுவார்கள், பக்கத்தில் நின்று தடுங்கள். மேலே சுண்ணாம்பு வெள்ளைதான். பெயின்ட், புட்டி, "வாட்டர் புரூஃப்" எதுவும் உட்சுவரில் வேண்டாம். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வை போகும், கண்ணாடி இல்லாமல் யாரையும் வேலை பார்க்க விடாதீர்கள். சுவரில் துளையிட்டு ரசாயனம் ஏற்றும் முறையை யாராவது சிபாரிசு செய்தால், நடுவில் பொக்கும் மண்சாந்தும் கலந்த பழைய கெட்டிச் சுவரில் அது முழுக்கப் பரவாது என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

அதுவரை இருக்கிற பூசணத்தை எடுக்க வேண்டும். செத்த பூசணமும் ஒவ்வாமை தரும், அதனால் மருந்தடித்துக் கொன்றால் மட்டும் போதாது, துடைத்து வெளியேற்ற வேண்டும். மூன்றடிக்கு மூன்றடி அளவுக்குள் என்றால் நீங்களே செய்யலாம், அதற்குமேல் பரவியிருந்தால் ஆள் வைத்துக்கொள்ளுங்கள். மகளும் மாமனாரும் மாமியாரும் அன்றைக்கு வீட்டில் இருக்கக் கூடாது. என்95 முகக்கவசம், கையுறை, கண்ணாடி. உலர்ந்த பிரஷால் தேய்த்தால் வித்து வீடெங்கும் பறக்கும், சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றித் துடையுங்கள். துணியைக் கட்டி வெளியே போட்டுவிட்டு இடத்தை விசிறி வைத்து உலர்த்துங்கள். பிளீச்சிங் பவுடர் காரைக்குள் இறங்காது, கூட எடுத்துக்கொண்டு போகும் தண்ணீர்தான் இறங்கும். பிளீச்சிங்கையும் பாத்ரூம் ஆசிட்டையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலைப் பொசுக்கிவிடும், மூடிய அறையில் உயிரையே எடுக்கும். வெள்ளத்தில் ஊறிய இலவம்பஞ்சு மெத்தை, தலையணை இன்னும் இருந்தால் தூக்கிப் போடுங்கள், வெயிலில் போட்டுச் சரிசெய்ய முடியாது. பூசணம் பிடித்த கடலை, மிளகாய் வற்றல், அரிசி இருந்தால் அவற்றையும் போடுங்கள். மாட்டுக்கு வைக்காதீர்கள், பூசணத்தின் நஞ்சு பாலில் வரும்.

கொழுந்தனாருக்கு என்ன சொல்வது? இடிப்பதா வேண்டாமா என்பதைப் பூசணம் தீர்மானிக்காது, உத்திரத்தின் நுனி தீர்மானிக்கும். தேக்கு உத்திரம் சுவருக்குள் போய் உட்கார்ந்திருக்கும் இடம்தான் இந்த வீடுகளின் உயிர்நிலை. ஈரம் அங்கே தங்கினால் வெளியே பளபளவென்று இருக்கும்போதே உள்ளே உளுத்துப்போகும், கறையானும் அங்கேதான் முதலில் வரும். ஒரு கெட்டியான ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொரு நுனியையும் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அரை அங்குலத்துக்கு மேல் மெத்தென்று இறங்கினால், அந்த அறையைக் காலி செய்து, கீழே முட்டுக்கொடுத்து, கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை நேரில் வரவழைத்துக் காட்டுங்கள். பூசண வேலை அதன்பிறகு. நுனிகள் கெட்டியாக இருந்தால் வீடு இன்னும் இரண்டு தலைமுறை நிற்கும். அதே மண்ணில், அதே காற்றில் கட்டும் கான்கிரீட் வீட்டிலும் பீரோவுக்குப் பின்னால் பூசணம் வரும். இந்த ஆற்றோரத்துப் புது வீடுகளிலிருந்தும் எனக்கு அழைப்பு வந்துகொண்டுதான் இருக்கிறது.

கணக்கு நோட்டுகளுக்கு வருகிறேன். டிரங்குப் பெட்டியை மழை இல்லாத ஒரு நாளில் புறவாசல் நிழலுக்குக் கொண்டுபோய்த் திறங்கள். நேர் வெயில் வேண்டாம், தாள் முறுகி மை வெளிறிவிடும். நோட்டுகளை விசிறிபோல் விரித்து நிறுத்தி ஒரு பகல் முழுக்கக் காற்றாட விடுங்கள். ஒட்டிக்கொண்ட பக்கங்களைப் பிரிக்க அவசரப்படாதீர்கள். நன்றாகக் காய்ந்த பிறகு, முகக்கவசம் போட்டுக்கொண்டு, மென்மையான பெயின்ட் பிரஷால் தையல் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தட்டுங்கள், காற்று உங்களைவிட்டு விலகி வீசும் திசையில் நின்றுகொண்டு. பக்கங்களுக்கு நடுவில் அச்சடிக்காத வெள்ளைத் தாள் வைத்து, ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படமெடுத்துவிடுங்கள். பெட்டியைத் துடைத்து இரண்டு நாள் வெயிலில் வையுங்கள். திரும்ப அடுக்கும்போது அதை மச்சில் வையுங்கள், சுவரைத் தொடாமல், தரையைத் தொடாமல், இரண்டு மரக்கட்டைக்கு மேல்.